சமைத்தவர் சொல்லக்கூடாது... சாப்பிட்டவர் சொல்லணும்!

கொங்கு நாட்டு விருந்துக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான காட்சி. இலையில் அரிசிம்பருப்பு சோறு விழும். மேலே நெய் ஊற்றுவார்கள். முதல் வாய் தொண்டைக்குள் இறங்குவதற்குள் கேள்வி வந்துவிடும்.

“ஏனுங்க, உப்பு காரமெல்லாம் சரியா இருக்குதுங்களா?”

கேட்கிறவர் முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவராக இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போட்டாலும் அளவு தப்பாது. ஆனாலும் தீர்ப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம்தான் விடுவார்.

இதே விஷயத்தைச் சுமார் 2,300 வருஷங்களுக்கு முன்பு ஒரு கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறார். அவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384 - 322). பிளேட்டோவின் மாணவர். ‘அரசியல்’ என்ற தன் நூலில், சாதாரண மக்களுக்கு ஆட்சியாளரை எடைபோடும் தகுதி உண்டா என்று விவாதிக்கும்போது மூன்று உதாரணங்கள் சொல்கிறார். ஒரு வீடு நல்ல வீடா என்று கட்டியவரைவிட குடியிருப்பவர் நன்றாகச் சொல்வார். சுக்கான் சரியா என்று அதைச் செய்த தச்சரைவிட கப்பல் ஓட்டுபவருக்குத் தெரியும். விருந்து எப்படி என்று சமையல்காரரைவிட விருந்தாளிக்குத் தெரியும்.

இன்றைய டிசைன் உலகத்தில் இது பால பாடம். டிசைன் என்றால் சேலை பார்டரும் கல்யாணப் பத்திரிகையும் மட்டுமல்ல. குடத்தின் கழுத்து, டவுன் பஸ் படிக்கட்டின் உயரம், போனில் ‘ஓகே’ பட்டன் இருக்கும் இடம் எல்லாமே யாரோ ஒருவர் யோசித்துத் தீர்மானித்தவைதான். அந்த யாரோ ஒருவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? சட்டத்துக்குக் கட்டுப்பட்டாரா, லாபம் வந்ததா என்பதோடு நிற்காமல், அவருடைய குணம் என்ன என்று கேட்பதுதான் அரிஸ்டாட்டிலின் அறவியல். தொழில்நுட்பம் படிக்கிறவர்களிடம் அந்தக் கேள்வி இப்போது திரும்பி வந்திருக்கிறது. தத்துவப் பேராசிரியர் ஷானன் வேலர் 2016-ல் ‘டெக்னாலஜி அண்ட் தி வெர்ச்சூஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார்.

கோயம்புத்தூரில் இதற்குப் புத்தகம் தேட வேண்டியதில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

சுற்றுவது எது, நிற்பது எது?

ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களுக்குத் தெரியும், கல் நிற்கும், குழவி சுற்றும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவை உள்ளே தள்ள, தோள்பட்டை கழன்றுவிடும். 1955-ல் பி. சபாபதி கோவையில் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்கிறார்கள். அந்தக் கருவி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. குழவியைப் பிடித்து நிறுத்திவிட்டு, மோட்டார் கல்லைச் சுற்றவைத்தது. வேகம் குறைவு. அதனால் மாவு மிக்ஸியில்போலச் சூடாவதில்லை. உளுந்து பஞ்சாகப் பொங்கும், இட்லி பூவாக வரும். ஊத்துக்குளி பக்கத்துக் கல் இதற்குத் தோதாக இருந்தது. 2006-ல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது.

ஆனால் முதல் கிரைண்டரோடு கதை முடியவில்லை. மாவை வழிக்க வேண்டுமென்றால் கனமான குழவியைத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். கல்லைக் கழுவுவது அடுத்த பாடு. வேலை குறைந்தது, இடுப்பு வலி குறையவில்லை. பிறகுதான் கல்லையே சாய்த்து மாவைக் கொட்டும் டில்டிங் கிரைண்டர் வந்தது. அப்பார்ட்மென்ட் சமையலறைக்கு டேபிள் டாப் வந்தது. மாவு வழித்தவர்களின் முணுமுணுப்பு பட்டறைவரை போய்ச் சேர்ந்ததால்தான் இந்த மாற்றங்கள் நடந்தன என்று சொன்னால் தப்பில்லை. இன்றும் கிரைண்டர் வாங்கப் போகும் வீட்டில், மோட்டார் எத்தனை வாட் என்று ஆண்கள் கேட்கும்போது, “கழுவ லேசா இருக்குதுங்களா?” என்று கேட்பது யார் என்று பார்த்தால் நீதிபதி யாரென்று தெரிந்துவிடும்.

அரிஸ்டாட்டிலின் இன்னொரு கருத்தும் இந்த ஊருக்குப் பொருந்தும். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனார் ஆகிறார், யாழ் வாசித்து வாசித்துத்தான் கலைஞர் ஆகிறார். நியாயமும் தைரியமும் அப்படித்தான் வரும் என்கிறார். புத்தகம் படித்து வராது. நியாயமாக நடந்து நடந்துதான் நியாயஸ்தர் ஆக முடியும். கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறையில் வேலை பழகிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கேட்பது வேறு, பிடிப்பது வேறு

‘பயன்படுத்துகிறவரிடம் கேள்’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? இல்லை. கையிலிருக்கும் போனே அதற்கு சாட்சி.

ஒரு ஆப்பைத் திறக்கிறீர்கள். ‘இன்னும் 2 மட்டுமே மீதி! சீக்கிரம்!’ என்று சிவப்பில் மிரட்டுகிறது. பணம் கட்டும் இடத்தில், கேட்காமலேயே ஒரு இன்ஷூரன்ஸ் கூடையில் ஏறியிருக்கிறது. வேண்டாம் என்று நினைத்தால் ‘பரவாயில்லை, ரிஸ்க் எடுக்கிறேன்’ என்று எழுதியிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். சந்தா சேர ஒரு தட்டு, விலக ஏழு பக்கம். இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுக்கும் விதிமுறைகளைக் கொண்டுவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, இந்த ஆப்கள் மக்களைக் கேட்காமல் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான். பாதிப் பேருக்குப் பச்சை பட்டன், பாதிப் பேருக்குச் சிவப்பு பட்டன் காட்டி, எதை அதிகம் பேர் அமுக்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தே செய்கிறார்கள். அந்த அளவுக்கு மனிதர்களைக் கவனித்த தச்சரும் கொத்தனாரும் பழைய காலத்தில் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் உப்பு கேட்பது வேறு, தூண்டிலில் மீன் சிக்குகிறதா என்று பார்ப்பது வேறு.

அரிஸ்டாட்டில் இதற்கும் ஒரு பிரிவினை வைத்திருக்கிறார். நினைத்ததைச் சாதிக்கும் திறமைக்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால் சாமர்த்தியம். இலக்கு நல்லதாக இருந்தால் அது பாராட்டத்தக்கது. இலக்கு கெட்டதாக இருந்தால் அதுவே தந்திரம். நல்ல இலக்கும் சாமர்த்தியமும் பழக்கத்தால் ஒன்று சேரும்போது வருவதை அவர் ‘ஃப்ரோனெசிஸ்’ என்றார். விவேகம் என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு, எப்போது, எந்த அளவு, எந்த வழியில் என்று அந்தந்த இடத்தில் நின்று முடிவெடுக்கும் புத்தி அது. திருக்குறளில் 47 முதல் 50 வரை உள்ள அதிகாரங்களின் பெயரைப் பாருங்கள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். ராஜாவுக்குச் சொன்னவைதான். ஆனால் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் இருபத்தி நாலு வயசுப் பெண்ணுக்கும் ஒட்டும்.

பதில் சொல்லாத நீதிபதிகள்

நீதிபதியே வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது? இந்தச் சிக்கலில் மாட்டியவர்தான் கோவை அருணாசலம் முருகானந்தம். ‘பேட்மேன்’ சினிமா (2018) வந்த பிறகு அவர் கதை ஊரறிந்தது. ஆனால் சினிமாவில் பாட்டும் கண்ணீரும் எடுத்துக்கொண்ட இடத்தில், டிசைன் பாடமாகப் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் ஓரமாகப் போய்விட்டன.

கைத்தறி நெசவாளர் குடும்பம். அப்பா விபத்தில் இறந்ததும் 14 வயசில் பள்ளிக்கூடம் நின்றது. வெல்டிங் பட்டறையில் வேலை. 1998-ல் சாந்தியோடு கல்யாணம். மனைவி மாதவிடாய்க்குப் பழைய துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்க்கிறார். நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்க முடியாது என்கிறார் சாந்தி. கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துப் பார்த்தவருக்கு ஆச்சரியம். பத்து பைசா பெறாத பஞ்சை நாலு ரூபாய்க்கு விற்கிறார்களே என்று தோன்றியதாகப் பேட்டிகளில் சொல்கிறார். தானே செய்து பார்த்தார். முதல் நாப்கினை மனைவியிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று உடனே கேட்டார். அதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாதம் ஒரு சோதனை என்றால் வேலை நடக்குமா? தங்கைகளைக் கேட்டார், ஒதுங்கிக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவியர் சிலரிடம் கொடுத்து, கருத்து எழுத ஒரு படிவமும் தந்தார். படிவத்தைத் திரும்ப வாங்கப் போன நாளில், சிலர் உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் மளமளவென்று நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

இன்றைக்கும் எத்தனையோ சர்வேக்கள் இப்படித்தான் நிரம்புகின்றன. முருகானந்தத்துக்கும் அதை வாங்கி வைத்துக்கொண்டு ‘பயனாளிகள் திருப்தி’ என்று எழுதிக்கொள்ளும் வசதி இருந்தது. அவர் அந்தத் தாள்களை நம்பவில்லை. கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, இடுப்பில் கட்டி, தானே நாப்கின் அணிந்து நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊர்க்காரர்கள் ஏதோ நோய் என்றார்கள், பேய் பிடித்தது என்றார்கள். பதில் சொல்ல ஆள் இல்லாததால் நீதிபதியின் இடத்தில் தன் உடம்பை வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். முழுத் தீர்ப்பு கிடைக்காது என்று அவருக்கே தெரியும். ஆனால் பொய்த் தீர்ப்பைவிட அரைத் தீர்ப்பு மேல்.

பஞ்சு ஏன் ஈரத்தைத் தாங்கவில்லை என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. பெரிய கம்பெனிகள் பயன்படுத்தியது பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ். கெட்டி அட்டையாக வரும் அதைப் பஞ்சாகச் சிதைக்கும் இறக்குமதி இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. முருகானந்தம் அந்த வேலையை நாலு துண்டாகப் பிரித்தார். சிதைக்க ஒன்று. அதற்குச் சமையலறை மிக்ஸியின் தத்துவமே போதும். அழுத்தி வடிவம் கொடுக்க ஒன்று. மெல்லிய துணியில் சுற்றி ஒட்ட ஒன்று. புறஊதா ஒளியில் கிருமி நீக்க ஒன்று. மொத்தம் 65,000 ரூபாய். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார். அங்கிருந்து தேசிய புத்தாக்க அமைப்பின் விருதுக்குப் போய், விருதும் வந்தது.

தைரியமா, பிடிவாதமா?

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது சாந்திக்குச் செய்யும் அநியாயம்.

சோதனை ஆரம்பித்து ஒன்றரை வருஷத்தில் அவர் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். மாணவியரிடம் கேட்டு வாங்கிவந்த பயன்படுத்திய நாப்கின்களை வீட்டில் பரப்பி வைத்து ஆராய்ந்ததைப் பார்த்த அம்மாவும் அழுதுகொண்டே வெளியேறினார். சாந்தி திரும்பி வந்தது ஐந்தரை வருஷம் கழித்து, பத்திரிகைகளில் கணவர் பெயர் வந்த பிறகு. யாருக்காக ஆரம்பித்த வேலையோ, அவருக்குத்தான் அதன் முதல் அடி விழுந்தது. கல்யாணமான புதிதில் அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாமல் போன அந்தப் பெண்ணின் வருஷங்களை எந்த விருதுக் கணக்கில் சேர்ப்பது?

அரிஸ்டாட்டில் தைரியத்தை இரண்டு குழிகளுக்கு நடுவில் வைக்கிறார். ஒரு பக்கம் கோழைத்தனம், இன்னொரு பக்கம் கண்மூடித்தனம். எந்த இடத்தில் கால் வைத்தால் நடு என்பதை அளவுகோல் வைத்துச் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிடுகிறார். முருகானந்தம் எந்தப் பக்கம் சாய்ந்தார்? ஊர் சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருந்தால் இயந்திரம் இல்லை. ஆனால், “இதைத்தான் செய்கிறேன், இவ்வளவு நாள் ஆகும், உனக்குச் சம்மதமா?” என்று மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம் அல்லவா? மனைவியைச் சோதனைக்குக் கேட்டவர், சோதனையைப் பற்றி மனைவியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. செல்லுலோஸ் மாதிரி வாங்குவதற்காக வெளிநாட்டு கம்பெனிகளுக்குப் போன் போட்டபோது, கோவையில் மில் வைத்திருப்பதாகச் சொன்னதை அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். உண்மை பேசுதலையும் அரிஸ்டாட்டில் நற்குணப் பட்டியலில் வைத்திருக்கிறார். வெல்டிங் பட்டறைக்காரருக்கு யார் சாம்பிள் அனுப்புவார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. குணத்தைப் பேசுகிற அறவியலில் இந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்யும். நல்லவரின் ஒவ்வொரு செயலும் நல்லது என்று முத்திரை குத்திவிட முடியாது.

ஈயத்தால் ஆன அளவுகோல்

அவருடைய விவேகம் தெளிவாகத் தெரிவது கண்டுபிடிப்பில் அல்ல, கண்டுபிடித்த பிறகு.

காப்புரிமை கையில் இருந்தது. பெரிய கம்பெனிக்கு விற்றிருக்கலாம், அல்லது தானே பெரிய கம்பெனி ஆகியிருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு, இயந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். கையால் இயக்குவதாகவே, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரியே வைத்திருந்தார். படிக்காத பெண்ணும் கழற்றி மாட்டலாம். ஒரு இயந்திரத்தில் சுமார் பத்துப் பெண்களுக்கு வேலை. ஒரு நாப்கின் சராசரியாக இரண்டரை ரூபாய். ஒட்டுமொத்தமாக ஒரு பிராண்ட் கிடையாது. அந்தந்த ஊர்ப் பெண்கள் அவரவருக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். சில ஊர்களில் காசுக்குப் பதிலாக வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு நாப்கின் கொடுத்தார்கள். 2014 வாக்கில் 23 மாநிலங்களில் 1,300 கிராமங்களை எட்டியதாக பி.பி.சி. எழுதியது. அதே வருஷம் ‘டைம்’ இதழின் 100 பேர் பட்டியலில் இடம், 2016-ல் பத்மஸ்ரீ.

எம்.பி.ஏ. படித்த யாரும் சொல்வார்கள், ஒரே தரம், ஒரே பெயர், ஒரே விலை என்று வைத்தால்தான் வியாபாரம் வளரும் என்று. லெஸ்போஸ் தீவுக் கொத்தனார்களின் அளவுகோல் பற்றி அரிஸ்டாட்டில் எழுதுவது இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. அது இரும்புப் பட்டை இல்லை, ஈயப் பட்டை. கல் எப்படி வளைந்திருக்கிறதோ அதன்மேல் அப்படியே வளைந்து உட்காரும். ஒரே விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாதபோது நியாயம் எப்படி வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்கு அவர் தரும் உதாரணம் அது. வெங்காயத்துக்கு நாப்கின் விற்பது ஈய அளவுகோல்தான்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வளவு தெளிவாக விருந்தாளியின் உரிமையைப் பேசிய அதே அரிஸ்டாட்டில், பெண்களுக்கு யோசிக்கும் திறன் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் கிடையாது என்று அதே நூலில் எழுதியவர். அவருடைய சிறந்த நகரத்தில் பட்டறைத் தொழிலாளிக்குக் குடியுரிமையும் கிடையாது. ஆக, நாப்கின் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டிய பெண்ணும் சபையில் இல்லை, அதைச் செய்த வெல்டரும் சபையில் இல்லை! அவரது கருத்தை எடுத்துக்கொண்டு, அவரது நாற்காலிக் கணக்கை ஏதென்ஸிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.

சட்டை நன்றாகத்தான் இருந்தது

நாற்காலிக் கணக்கில் தப்பு செய்ய கிரேக்கராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது.

திருப்பூர் பனியனின் டிசைனில் யாரும் குறை சொல்ல முடியாது. அணிந்து பார்ப்பவர் ஐரோப்பாவில் இருக்கிறார். நிறம் ஒட்டியிருக்கிறதா, துவைத்தால் போகிறதா, தையல் நேரா என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு ஊர் வளர்ந்தது. ஆனால் பருத்தியில் நிறம் நன்றாக ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் ஏராளமாக உப்புப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே போகும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் நொய்யலில் அது கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. அணைக்குக் கீழே கிணறுகள் உப்பாயின. நிலம் வெளுத்தது.

சட்டை அணிந்தவரைக் கேட்டார்கள். அதே சட்டையின் தண்ணீரைக் குடித்தவரை யாரும் கேட்கவில்லை. அவரும் அந்தச் சட்டையைப் பயன்படுத்தியவர்தான், விலை கொடுக்காமல், விருப்பப்படாமல். உழவர்கள் தாங்களாகவே நீதிமன்றப் படியேறினார்கள். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சுமார் 700 சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைத் தொழிலாளர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். உழவருக்கு விழுந்த அடி, சுற்றிக்கொண்டு தொழிலாளிக்கும் விழுந்தது.

பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. எதிர் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் எடுத்து, இரண்டையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். செலவு அதிகம். ஆனால் செய்ய முடிகிறது. முடியும் என்றால் முதலிலேயே ஏன் செய்யவில்லை என்ற கேள்வி கொஞ்சம் கசப்பானது. அறிவு குறைவில்லை, பணமும் ஓடியது. அணைக்குக் கீழே உள்ள கிணற்றை எட்டிப் பார்க்கும் பழக்கம்தான் தொழிலில் இல்லை.

மூட்டையில் வந்த பதில்

அந்தக் கேள்வி நாப்கினையும் விடாது. அணிபவருக்கு வசதி, செய்பவருக்கு வேலை. அணிந்த பிறகு?

கடையில் விற்கும் நாப்கின்களில் பெரும்பாலானவற்றின் அடியில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. மண்ணில் மக்காது. கோவையில் வீட்டுக் குப்பை கடைசியாகப் போய்ச் சேரும் வெள்ளலூர்க் கிடங்கு பற்றி அந்தப் பகுதி மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2024 ஏப்ரலில் அது பற்றி எரிந்தபோது புகை சூழ்ந்ததையும் சொல்வார்கள். அங்கே போவதற்கு முன்பு, பிரிக்காமல் கட்டிப்போட்ட பையை ஒருவர் கையால் பிரிக்கிறார். மாதவிடாய் பற்றிப் பேசவே கூசும் வீடுகளில், பயன்படுத்திய நாப்கின் மற்ற குப்பையோடு போய்விடுகிறது. துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினை ஆரோவில்லின் ஈகோஃபெம் போன்ற அமைப்புகள் செய்கின்றன. ஆனால் துவைக்கத் தண்ணீரும் வெயிலில் காயப்போட மறைவில்லாத கொடியும் உள்ள வீட்டுக்குத்தான் அது தோதுப்படும். சாந்தி பழைய துணியை மறைத்துக் கொண்டுபோனதும் அந்தக் கொடி இல்லாததால்தானே!

குப்பையைப் பிரிக்கும் கைகளிடம் யாரும் படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்கவில்லை. புனேயில் அந்தப் பெண்கள் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். 2013-ல் அங்குள்ள ஸ்வச் கூட்டுறவைச் சேர்ந்த குப்பை சேகரிக்கும் பெண்கள், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில், நாப்கினோடு அதைச் சுற்றிப் போட ஒரு உறையும் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று சேர்த்தார்கள். அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது அந்த உறை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பழைய பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். புனேக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வழி அது. பிரிக்காமலேயே உள்ளே என்ன என்று அவருக்குத் தெரிந்துவிடும்.